வீட்டுக்குள் பழச்செடி: கொங்கு நாட்டின் வெளிச்சக் கணக்கு

கோயமுத்தூர் மேற்கே வளர்ந்துகொண்டிருக்கிறது. வடவள்ளியைத் தாண்டித் தொண்டாமுத்தூர்ப் பக்கம் போகிற சாலையில், பாக்குத் தோப்புக்கும் வாழைத் தோட்டத்துக்கும் இடையிடையே மனைப்பிரிவுகளும் அடுக்குமாடிகளும் எழும்பிவிட்டன. வெள்ளியங்கிரி அடிவாரத்தின் இந்தப் பகுதி வாழை, தென்னை, பாக்கு, பன்னீர் திராட்சை, சின்ன வெங்காயம் என்று விளைந்த பூமி. அந்தப் பூமிக்கு நடுவே இரண்டாம் மாடியில் குடியேறுகிறவர்களுக்கு ஓர் எலுமிச்சையையோ கொய்யாவையோ அத்தியையோ வீட்டுக்குள்ளேயே வைத்துக் காய் பறிக்கும் ஆசை வருவது இயல்பு. அந்த ஆசையில் குற்றம் காண எதுவும் இல்லை. ஆனால் அதற்குக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி குளிர்நாடுகளில் எழுதப்பட்டு, அப்படியே இங்கே இறக்கப்பட்டவை. தெற்கு ஜன்னலோரம் வை, குளிர் படாமல் பார்த்துக்கொள், இலை மேல் தண்ணீர் தெளி என்று அவை சொல்லும். குளிர்நாட்டில் பழச்செடிக்குச் சுவர் தருவது வெப்பம். கொங்கு நாட்டில் அதே சுவர் செடியிடமிருந்து வெளிச்சத்தைப் பறிக்கிறது. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் எந்தச் செடியை வாங்குவது, எங்கே வைப்பது, எதைக் கைவிடுவது என்ற மற்றக் கேள்விகள் தாமாகவே வரிசைக்கு வரும் என்பது என் வாதம்.

ஐரோப்பியர்கள் பழமரங்களைக் கூரைக்குள் கொண்டுபோன வரலாற்றிலிருந்து தொடங்கலாம். பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் நெதர்லாந்தில் அன்னாசியைக் காய்க்க வைத்தார்கள். பின்னர் இங்கிலாந்தில் தோல் பதனிடும் ஆலைகளில் மிஞ்சிய மரப்பட்டையைக் குழியில் நொதிக்க விட்டு, அந்தச் சூட்டில் அன்னாசித் தொட்டிகளைப் புதைத்து வைத்தார்கள். அந்த முயற்சிகளின் உச்சம் டெர்பிஷயரில் உள்ள சாட்ஸ்வொர்த் மாளிகை. அதன் உரிமையாளர் ஆறாம் டெவன்ஷயர் பிரபு வில்லியம் கேவண்டிஷ். அவருடைய தோட்டத் தலைவர் ஜோசப் பேக்ஸ்டன், மொரீஷியஸ் வழியாக வந்த ஒரு குட்டை வாழையைக் கண்ணாடி வீட்டில் வளர்த்தார். அது 1835 நவம்பரில் பூத்தது. அடுத்த ஆண்டு பழம் தந்தது. இன்று தொண்டாமுத்தூர்த் தோட்டங்களில் திசு வளர்ப்புக் கன்றாக நடப்படும் ஜி9 வாழை சேர்ந்திருக்கும் வகைக்கு அந்தப் பிரபுவின் குடும்பப் பெயர்தான் நிலைத்திருக்கிறது. நமக்குப் பாடம் வாழையில் இல்லை, அது நின்ற கட்டிடத்தில் இருக்கிறது. அங்கே கூரையும் சுவரும் முழுக்கக் கண்ணாடி. வெளியே இருந்த வெளிச்சத்தின் பெரும்பகுதி உள்ளேயும் இருந்தது. குறைவாக இருந்தது வெப்பம் மட்டுமே. அதை நிலக்கரி எரித்து ஈடுகட்டினார்கள். பேக்ஸ்டன் அடுத்துக் கட்டிய மாபெரும் கண்ணாடி மாளிகை முதல் உலகப் போர்க் காலத்தில் சூடேற்ற முடியாமல் செடிகளை இழந்தது, 1920இல் இடிக்கப்பட்டது. வெப்பத்தை வாங்க முடிந்தவரைதான் அந்தத் தோட்டம் வாழ்ந்தது.

கோவையின் நிலை நேர் எதிர். நம் குளிர்காலத்து இரவுகூடப் பெரும்பாலான பழச்செடிகளைக் கொல்லும் அளவுக்கு இறங்குவதில்லை. வெப்பம் நமக்கு இலவசம். இலவசமாக வரும் அந்த வெப்பத்தைத் தடுப்பதற்காகவே நம் வீடுகள் கட்டப்படுகின்றன. தாழ்ந்த கூரை, ஆழமான திண்ணை, ஜன்னலுக்கு மேலே சன்ஷேடு, கம்பி, கொசுவலை எல்லாம் அதற்காகத்தான். இதன் விளைவைக் கணக்காகவே பார்க்கலாம். கோவை நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 11 பாகை வடக்கே இருக்கிறது. சித்திரைத் தொடக்கத்திலிருந்து ஆவணித் தொடக்கம் வரை நடுப்பகல் சூரியன் நம் உச்சிக்கும் வடக்கே நிற்கிறது. அந்த நான்கு மாதமும் தெற்கு ஜன்னலுக்கு நண்பகல் வெயில் அறவே கிடையாது. சூரியன் மிகத் தெற்கே சாயும் மார்கழியிலும் நண்பகலில் அது தொடுவானத்திலிருந்து 55 பாகைக்கு மேல் நிற்கும். இரண்டடி நீட்டிய சன்ஷேடு அப்போது ஜன்னலில் ஏறக்குறைய மூன்றடி ஆழத்துக்கு நிழல் போடும். நாலடி ஜன்னலில் மிஞ்சுவது ஓரடி. லண்டனில் அதே மார்கழி நண்பகலில் சூரியன் வெறும் 15 பாகை உயரத்தில் இருக்கிறது. வெயில் அறையின் பின்சுவர் வரை நீளும். தெற்கு ஜன்னல் என்ற அறிவுரை அங்கே பொருந்தும். இங்கே வெயில் உள்ளே வருவது பெரும்பாலும் கிழக்கிலும் மேற்கிலும்தான், அதுவும் காலையிலோ மாலையிலோ சூரியன் தாழ்ந்திருக்கும்போது. தொண்டாமுத்தூரை ஒட்டிய பகுதிகளில் மேற்கு வெயிலையும் மலை முன்கூட்டியே மறைத்துவிடுகிறது. ஆகவே இவ்வட்டாரத்தில் பழச்செடிக்கு முதல் மரியாதை கிழக்குப் பால்கனிக்குத்தான்.

அறைக்குள் வெளிச்சம் எவ்வளவு என்பதை நம் கண் சரியாகச் சொல்லாது. இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் கண் தன்னைத் தானே பழக்கிக்கொள்வதால், வெளியில் உள்ளதில் நூற்றில் ஒரு பங்கு வெளிச்சம்கூட நமக்குப் பளிச்சென்றே தெரியும். கோவையில் மேகமில்லாத நண்பகலில் வெட்டவெளியின் ஒளி ஒரு லட்சம் லக்ஸ் அளவை எட்டும். ஜன்னலிலிருந்து ஐந்தாறு அடி உள்ளே, நாம் நல்ல வெளிச்சம் என்று சொல்கிற வரவேற்பறை மூலையில், சாதாரணமாக 200 முதல் 500 லக்ஸ் இருக்கும். அதாவது அரை சதவீதம் அல்லது அதற்கும் கீழே. மழைக்காட்டின் அடித்தரைக்கு மேலிருந்து இறங்கும் ஒளி ஒன்று அல்லது இரண்டு சதவீதம் என்பது தாவரவியலார் பரவலாகப் பதிவு செய்திருக்கும் அளவு. பட்டப்பகலில்கூட மங்கலாக இருக்கும் சிறுவாணிக் காட்டின் தரையை விட நம் வரவேற்பறை செடிக்கு இருட்டு. பாக்குத் தோப்புக்குள் ஊடுபயிர் வளர்கிறதே என்று கேட்கலாம். அந்தத் தோப்பின் நிழல் ஓட்டை நிழல். வெயில் திட்டுத்திட்டாக நாள் முழுக்க நகர்ந்துகொண்டிருக்கும். அறை மூலைக்கும் அதற்கும் ஒப்பே இல்லை.

பிறகு எப்படிச் சில பழக்கன்றுகள் வீட்டுக்குள் இரண்டு மூன்று ஆண்டுகள் பச்சையாகவே நிற்கின்றன? இந்தக் கேள்விக்கு விடை மேட்டுப்பாளையம்–குன்னூர் மலைப்பாதையில் இருக்கிறது. 1871 முதல் இயங்கும் பர்லியாறு அரசுத் தோட்டக்கலைப் பண்ணையும், 1900இல் தொடங்கிய கல்லாறு பண்ணையும் மங்குஸ்தான், ரம்புட்டான், துரியன் போன்ற கீழை நாட்டுப் பழமரங்களை இந்த மலைச்சரிவில் நிலைநிறுத்தியவை. சமவெளியில் தள்ளாடும் மங்குஸ்தான் அங்கே நிலைப்பதற்குக் காரணம் மலை ஈரம், ஓடை நீர், காற்று மறைப்பு, ஆழமான மண் எல்லாம் ஓரிடத்தில் கூடியிருப்பது. மங்குஸ்தான் கன்று இளமையில் நேர் வெயிலைத் தாங்காது, நிழல் கேட்கும். காட்டில் பெரிய மரம் ஒன்று சாய்ந்து வானம் திறக்கும்வரை அடித்தரையில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் இனங்களின் குணம் அது. அந்தக் கன்றை வாங்கி வரவேற்பறையில் வைத்தால் அது சாகாது. தடித்த, பளபளக்கும் இலைகளோடு அழகாகவே நிற்கும். வாங்கியவர் செடி தேறிவிட்டது என்று நினைப்பார். செடியோ காத்திருக்கிறது, வளரவில்லை. விதைக்கன்று மங்குஸ்தான் நல்ல நிலத்திலேயே காய்ப்புக்கு வர எட்டுப் பத்து ஆண்டுகள் எடுக்கும். அறைக்குள் அந்தக் கடிகாரம் ஓடுவதே இல்லை. பிழைத்திருப்பதும் காய்ப்பதும் வேறுவேறு என்பதை இந்த ஒரு மரம் தெளிவாகக் காட்டுகிறது. இலைச்செடிகளுக்குப் பொருந்தும் 'இண்டோர்' என்ற அடையாளச் சீட்டைப் பழச்செடிக்கும் கட்டுவதில் உள்ள தவறு இதுதான்.

காய் என்பது செடியின் மிச்சம். இலை சமைப்பதில் முதலில் இலையும் வேரும் தண்டும் தம் செலவை எடுத்துக்கொள்கின்றன. மிஞ்சினால்தான் பூவும் பிஞ்சும். வாழைத் தார் நன்றாகத் திரள வேண்டுமென்றால் பூ வெளிவரும் சமயத்தில் குறைந்தது எட்டு நல்ல இலைகளாவது இருக்க வேண்டும் என்று வாழை விவசாயிகளுக்குச் சொல்வார்கள். இலைப்புள்ளி நோயில் இலைகளை இழந்த மரத்தின் தார் எப்படி இருக்கும் என்று இவ்வட்டாரத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அறைக்குள் இலை இருந்தும் வெளிச்சம் இல்லாவிட்டால் விளைவு அதேதான். நர்சரியில் பிஞ்சோடு வாங்கிவந்த எலுமிச்சை வீட்டுக்குள் வந்த சில வாரங்களில் பிஞ்சையும் இலையையும் உதிர்ப்பதை நோய் என்று பலர் நினைத்து மருந்து தேடுகிறார்கள். பெரும்பாலும் அது வரவு சுருங்கியதால் செடி தன் செலவைக் குறைத்துக்கொள்வதுதான்.

இதற்கு எழும் முதல் மறுப்பு விளக்கு. எல்இடி வந்துவிட்ட காலத்தில் வெளிச்சத்தையும் வாங்கிவிடலாமே என்கிறார்கள். உண்மைதான், வாங்கலாம். விலையைப் பார்ப்போம். நல்ல தரமான 100 வாட் வளர்ப்பு விளக்கை நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் எரித்தால், அங்கே சேரும் ஒளி கோவையின் வெட்டவெளிக்கு ஒரு நாளில் கிடைப்பதில் ஏறக்குறைய கால் பங்குதான். அதற்கு இரண்டு மாதத்துக்கு 72 யூனிட் ஆகும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இலவசமாகத் தரப்படும் 100 யூனிட்டில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஒரு தொட்டிக்கே போய்விடும். கிடைப்பது சில எலுமிச்சையும் கொஞ்சம் மல்பெரியும். அதே அளவு ஒளி, பல சமயம் அதற்கு மேலேயே, கிழக்குப் பால்கனியின் கைப்பிடி ஓரத்தில் காலை மூன்று நான்கு மணி நேர நேர்வெயிலில் செலவில்லாமல் விழுகிறது. பனிக்காலம் முழுக்கப் பகல் குறுகிவிடும் நாடுகளில் விளக்குக்கு நியாயம் இருக்கிறது. நாற்றங்கால் தட்டுகளுக்கும் பதியன்களுக்கும் இங்கும் அது பயன்படும். பழத்துக்காக விளக்கு எரிப்பது, வெயிலைத் துரத்தக் கட்டிய சுவருக்குள் வெயிலைக் காசு கொடுத்து வாங்குவதுதான்.

இரண்டாவது மறுப்பு கொஞ்சம் வலுவானது. ஐரோப்பாவில் இன்றும் எலுமிச்சையும் ஆரஞ்சும் வீட்டுக்குள் வளர்ந்து காய்க்கின்றனவே என்பது அது. அந்தச் செடிகளின் ஆண்டு முழுவதையும் பார்க்க வேண்டும். பனி தொடங்கும்போது உள்ளே வந்து, பனி போனதும் வெளியே போகும் தொட்டிகள் அவை. உள்ளே இருக்கும் மாதங்களில் குளிரால் அவை பாதித் தூக்கத்தில் இருக்கின்றன. செலவு குறைவு, ஆகவே சிறிதளவு வெளிச்சம் போதும். காயைத் திரட்டுவது வெளியில் கழிக்கும் கோடை. நம் அறையின் 28 பாகை வெப்பத்தில் செடிக்கு அந்தத் தூக்கம் இல்லை. வெப்பம் ஏற ஏறச் செடியின் மூச்சுச் செலவும் ஏறும். வெளிச்சம் இல்லாத வெப்பம் அதைப் பட்டினி போடும். குளிர்நாட்டு அறையில் ஐந்து மாதம் தாக்குப்பிடிக்கும் எலுமிச்சை கோவை அறையில் அதற்கு முன்பே இளைத்துவிடுவது இதனால்தான்.

பூச்சி விஷயத்திலும் சுவர் செடிக்கு எதிரியாகவே இருக்கிறது. இதைச் சொல்லக் கோவையை விடப் பொருத்தமான ஊர் இல்லை. மெக்சிகோவையும் மத்திய அமெரிக்காவையும் தாயகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதன்முதலாக 2008இல் கோயமுத்தூரில்தான் கண்டறியப்பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று மேற்கு மாவட்டங்களைச் சூறையாடியது. மருந்து அடித்து அடித்து விவசாயிகள் களைத்த நிலையில், 2010இல் புவெர்ட்டோ ரிக்கோவிலிருந்து அதன் இயற்கை எதிரிகளான நுண்குளவிகள் தருவிக்கப்பட்டன. அவற்றில் அசரோபேகஸ் பப்பாயே என்ற ஒட்டுண்ணிக் குளவியைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பெருக்கி விவசாயிகளுக்குக் கொடுத்தது, மாவுப்பூச்சி அடங்கியது. மருந்தால் முடியாததை ஒரு நுண்குளவி முடித்தது என்றால், அந்தக் குளவி வர முடியாத இடத்தில் என்ன நடக்கும் என்று யோசிக்க வேண்டும். கொசுவலை அடித்த அறைக்குள் பொறிவண்டும் வராது, குளவியும் வராது, இலையைக் கழுவ மழையும் வராது. மாவுப்பூச்சி, செதில்பூச்சி, செம்பேன் மூன்றும் அங்கே தங்குதடையின்றிப் பெருகும். குளிர்சாதன அறையின் வறண்ட காற்று செம்பேனுக்கு இன்னும் வசதி. குடியிருக்கும் அறைக்குள் மருந்து அடிக்கவும் கூடாது. மிஞ்சுவது ஈரத்துணியால் இலையின் அடிப்பக்கத்தைத் துடைப்பதும், செடியை வாரம் ஒருமுறை வெளியே கொண்டுபோய்த் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதும். வாரந்தோறும் வெளியே போக வேண்டிய செடி வெளியிலேயே இருந்துவிடலாம்.

மகரந்தம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். வாழைக்கும் சாதாரண அத்திக்கும் மகரந்தச் சேர்க்கை தேவையில்லை. எலுமிச்சை, கொய்யா, மேற்கிந்தியச் செர்ரி தனியாக நின்றாலும் காய்க்கும். மஞ்சள் பேஷன் பழம் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. இரண்டாவது கொடியும் கருவண்டும் வேண்டும். பப்பாளியில் ரகம் பார்த்து வாங்க வேண்டும். கோவையில் உருவான கோ 2, கோ 6 ரகங்களில் ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. ஒற்றைத் தொட்டியில் வைத்தது ஆணாகிவிட்டால் உழைப்பு வீண். கோ 3, கோ 7 ரகங்களில் ஆண் மரமே வராது. அவற்றிலும் இருபால் பூ பூக்கும் செடிதான் தனியாக நின்று காய்க்கும். வண்டு வராத இடத்தில் மனிதக் கை அந்த வேலையைச் செய்யலாம் என்பதற்கு வெனிலா சான்று. 1836இல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரக் கண்ணாடி வீட்டில் சார்ல் மோரென் அதைக் கையால் காய்க்க வைத்தார். 1841இல் ரீயூனியன் தீவில் எட்மண்ட் ஆல்பியஸ் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன் கண்டுபிடித்த எளிய முறையே இன்றுவரை உலகெங்கும் வழக்கத்தில் இருக்கிறது. பொள்ளாச்சிப் பக்கம் வெனிலா பயிரிட்டவர்களும் காலையில் பூ விரியும் நேரம் பார்த்துக் கையால்தான் சேர்த்தார்கள்.

தண்ணீரும் மண்ணும் அடுத்த சிக்கல், இதில் கொங்கு நாட்டுக்கென்றே ஒரு நல்லதும் ஒரு கெட்டதும் உண்டு. கெட்டது உப்புத்தண்ணி. ஆழ்துளைக் கிணற்றுக் கடின நீரைத் தினமும் தொட்டியில் ஊற்றினால், கீழே வடிய வழியில்லாத சுண்ணாம்பு மேலே படிந்து, மண் காரமாகி, எலுமிச்சைக்கு இரும்புச்சத்து எட்டாமல் போகும். நரம்பு பச்சையாக, இடைப்பகுதி மஞ்சளாக இளம் இலைகள் வெளுப்பது அதன் அறிகுறி. அமில மண் கேட்கும் மிராக்கிள் பழத்துக்கு அந்தத் தண்ணி இன்னும் ஆகாது. சிறுவாணித் தண்ணீரோ மழைநீரோ கிடைக்கிறவர்கள் அதைச் செடிக்கும் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும். ஆர்.ஓ. எந்திரம் கழித்துவிடும் தண்ணீரில் உப்பு செறிந்திருக்கும். அதைச் செடிக்கு ஊற்றுவது சிக்கனம் ஆகாது. நல்லது, பொள்ளாச்சியின் தென்னை நார்க்கழிவு. இங்கிருந்து கட்டிகளாகப் போகும் கோகோபீட்டில்தான் ஐரோப்பியக் கண்ணாடி வீடுகள் பலவற்றின் தக்காளியும் ஸ்ட்ராபெர்ரியும் வேரூன்றி நிற்கின்றன. எடை குறைவு என்பதால் பால்கனிக்கும் மாடிக்கும் ஏற்றது. ஆனால் கழுவாத நார்க்கழிவில் சோடியம், பொட்டாசியம் உப்புகள் இருக்கும். ஏற்றுமதிக்கு 'லோ ஈசி', அதாவது உப்பு குறைவு, பார்த்துக் கழுவி அனுப்புகிறவர்கள் உள்ளூரில் விற்பதையும் அப்படியே தர வேண்டும். இல்லையேல் வாங்குகிறவர் இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்துவிட்டே மண்ணோடும் தொழுவுரத்தோடும் கலக்க வேண்டும். இன்னொன்று: வெப்பமண்டலச் செடி என்றால் எப்போதும் ஈரம் கேட்கும் என்ற எண்ணம் தவறு. எலுமிச்சையும் மாவும் ஒரு வறட்சிக்குப் பிறகே நன்றாகப் பூக்கும். தோட்டத்தில் தண்ணீர் கட்டுவதை நிறுத்தி வாடவிட்டுப் பூ எடுப்பது விவசாயிக்குத் தெரிந்த கலை. தினம் இரண்டு வேளை அன்போடு ஊற்றப்படும் தொட்டி எலுமிச்சை, வேர் அழுகாவிட்டாலும், பூக்க மறுக்கும்.

பால்கனியே இல்லாதவர் என்ன செய்வது என்பது கடைசி மறுப்பு. அதை லேசாகத் தள்ள முடியாது. ஒற்றை அறையில் குடியிருக்கிறவருக்கும் பச்சை வேண்டும். அவர் பழச்செடியை இலைக்காக வளர்க்கட்டும். காபிச் செடி அதற்கு நன்றாகப் பொருந்தும், ஜன்னலை ஒட்டி வைத்தால் இலை பளபளப்பாக நிற்கும். காய் வேண்டுமென்றால் பொது மொட்டைமாடியில் ஓரிடம் கேட்க வேண்டும். 2013–14இல் சென்னையிலும் கோவையிலும் தோட்டக்கலைத் துறை மாடித்தோட்டத் தொகுப்புகளை மானியத்தில் கொடுக்கத் தொடங்கியபோது வளர்ப்புப்பை, நார்க்கழிவு, காய்கறி விதை என்று தந்தது. அந்த மாடித்தோட்டத்தில் பழச்செடிக்கும் இடம் உண்டு. பாதியாக அறுத்த பிளாஸ்டிக் டிரம்மில் எலுமிச்சை, கொய்யா, அத்தி, மேற்கிந்தியச் செர்ரி, டிராகன் பழம் ஆறு மணி நேர வெயிலில் காய்க்கும்; கோடை உச்சியில் மட்டும் நிழல்வலை போதும். மயிலும் குரங்கும் வருமே என்றால், வலைப்பை கட்டிக் காய்களைக் காக்கலாம். யானைக்கும் பன்றிக்கும் தப்பி வாழை வெட்டும் தொண்டாமுத்தூர் விவசாயியின் சிரமத்தோடு ஒப்பிட்டால் அது சின்ன வேலை.

நர்சரிக்காரர்களிடமும் தோட்டக்கலைத் துறையிடமும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு பழக்கன்றின் சீட்டிலும் மூன்று விவரங்களை அச்சிடுங்கள்: ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் நேர்வெயில் வேண்டும், ஒட்டா விதைக்கன்றா, காய்ப்புக்கு எத்தனை ஆண்டு. வாங்குகிறவர்களும் கன்று எடுக்கும் முன் தம் வீட்டில் ஒருநாள் காலை ஏழு மணியிலிருந்து மாலை ஐந்து வரை வெயில் எங்கே விழுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று குறித்துப் பாருங்கள். மூன்று மணி நேரம் கூடத் தேறாத இடத்துக்குப் பழச்செடி வாங்காதீர்கள்.